வைக்கோல் வைத்த கயிறு

கேளுங்கள் பெரியோரே, நீங்களும் கேளுங்கள் பிள்ளைகளே. கடலே வயலாகவும் மூச்சே ஏராகவும் மனிதர் பிழைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் செங்கழிப்பட்டினம் என்னும் துறையில் முத்துக்குளிப்போர் வாழ்ந்தார்கள்.

குளிப்பவன் இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் பாய்வான். மூச்சு முட்டியதும் கயிற்றைச் சுண்டுவான். தோணியில் இருப்பவன் இழுத்துத் தூக்குவான். அந்தக் கயிற்றை அப்பன் பிடிப்பதில்லை, அண்ணன் தம்பி பிடிப்பதில்லை, அயலான் பிடிப்பதில்லை. மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். தங்கையின் தாலி தன் கையில் இருக்கும்போது எவன் கை தளரும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்தத் துறைக்கு வணிகர் சிலர் வந்து, பொருள் சேர்த்துக் கூட்டு ஒன்று அமைத்தார்கள். நல்ல தேங்காய் நாரில் கயிறு திரித்து மலிவாக விற்றார்கள். வீடுகளில் கயிறு திரிப்பது நின்று போயிற்று. கயிற்றை இழுத்துச் சோதித்து, நல்லதென்றால் நுனியில் சிவப்பு நூலால் முடிச்சுப் போடும் வேலையை ஆதன் என்ற இளைஞனுக்குக் கொடுத்தார்கள். குளிப்போர் குடியில் பிறந்து வணிகர் கூடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். அந்த இடம் பறிபோய்விடுமோ என்ற அச்சம் அவனை ஒருநாளும் விட்டதில்லை.

சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு இலாபம் கூட வேண்டும். அதுவே கூட்டின் விதி. வாங்குவோர் கூடவில்லை, ஆகவே செலவைக் குறைத்தார்கள். முதல் ஆண்டு நார் உரிக்கும் தேங்காய் மட்டையைச் சரியாக ஊறவிடவில்லை. மறு ஆண்டு மட்கிய நாரைக் கலந்தார்கள். மூன்றாம் ஆண்டு உள்ளே வைக்கோலை வைத்து மேலே நாரைச் சுற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஆதன் தயங்கினான். ஒவ்வொரு முறையும் கூட்டின் தலைவர் பெருஞ்சாத்தர் சிரித்தார்.

“இதுவரை குறைத்ததில் யாராவது செத்தார்களா தம்பி? முடிச்சைப் போடு.”

ஆதன் முடிச்சைப் போட்டான்.

அந்த ஆண்டே கயிறு அறுந்து ஒருவன் கடலுக்குள் செத்தான். அவன் மருதி என்பவளின் கணவன். “எங்கள் முடிச்சு இருக்கிறதே! கயிறு நல்ல கயிறு. தோணி விளிம்பில் தேயவிட்டவன் குற்றம்” என்றது கூட்டு. தோணியில் கயிறு பிடித்தவன் மருதியின் அண்ணன் கோடன். ஊர் அதை நம்பியது. மருதியும் நம்பினாள். அண்ணன் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்தினாள். உண்மை தெரிந்த ஆதன் வாய் திறக்கவில்லை.

பிறகு ஆதனின் தங்கை எயினிக்கும் தித்தன் என்ற குளிப்பவனுக்கும் திருமணம் நடந்தது. கயிறு பிடிக்கும் முறை இப்போது ஆதனுடையது. அவன் தோணியில் ஏறினான்.

“என்ன மச்சான், நிழலில் இருந்த கைக்குக் கயிறு பிடிக்கத் தெரியுமா?” என்று தித்தன் கேலி செய்தான். “நான் குடித்தனம் நடத்த வந்தது உன் தங்கையோடு, மீன்களோடு இல்லை. பார்த்துப் பிடி!”

சிரித்தபடியே விளிம்பில் ஏறினான். ஆதன் பாய்ந்து அவனைத் தோணிக்குள் இழுத்துத் தள்ளினான்.

“பாயாதே மாப்பிள்ளை! இதை நம்பாதே!”

கத்தியால் கயிற்றைக் கீறினான். உள்ளிருந்து வைக்கோல் உதிர்ந்தது.

தித்தன் முகத்தில் கேலி இல்லை. “இதற்கா முடிச்சுப் போட்டாய்?”

“போட்டேன்.”

“கோடன் பிடித்த கயிற்றுக்கும்?”

“அதற்கும்.”

தித்தன் கூவி மற்றத் தோணிகளையும் திருப்பினான்.

கரையில் ஊர் கூடியது. ஆதன் நடந்ததையெல்லாம் சொன்னான். பெருஞ்சாத்தர் முந்திக்கொண்டார். “சோதித்தவன் இவன். குற்றம் இவனுடையதே.”

மருதி முன்னால் வந்தாள். “இவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வைக்கோலை வைக்கச் சொன்னது யார்?”

“நான் இல்லை, கூட்டு” என்றார் ஒரு வணிகர். “நான் பங்கு போட்டதோடு சரி. எல்லாம் கூட்டு” என்றார் இன்னொருவர். “கூட்டின் விதி அம்மா, தனி ஆள் நான் என்ன செய்வேன்?” என்றார் பெருஞ்சாத்தர்.

“அப்படியானால் அந்தக் கூட்டை இங்கே அழைத்து வாருங்கள்” என்றாள் மருதி. “அதற்கு இடுப்பு இருந்தால் இந்தக் கயிற்றைக் கட்டி இறக்கிப் பார்ப்போம்.”

வணிகர் ஒவ்வொருவராகக் கரையைவிட்டு நழுவினார்கள்.

அந்தப் பருவம் முழுதும் ஒரு தோணியும் முத்துக்குப் போகவில்லை. ஊர் கஞ்சி குடித்துக்கொண்டு, மறந்த வேலையைத் தட்டுத் தடுமாறிக் கற்று, தனக்கான கயிற்றைத் தானே திரித்தது. வாங்க ஆளில்லாத கூட்டு வேறு துறை தேடிப் போயிற்று. ஆதன் தன் இடத்தை இழந்தான்.

மருதி அண்ணனுக்குக் கதவைத் திறந்தாள். இலை போட்டு, அழுதுகொண்டே பரிமாறினாள். ஆதன் அந்தத் தெருவழியே போனால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது நியாயம் என்று அவனும் தலைகுனிந்து நடந்தான்.

ஆகவே அன்பர்களே, இலாபத்தில் பங்கு கொள்பவர் அதனால் விளையும் பழியிலும் பங்கு கொள்ள வேண்டும், குறை தெரிந்தும் வாய் மூடியிருப்பவனும் அந்தப் பழிக்குப் பங்காளியே.