முள்ளி வரைந்த பேரில்லா மிருகம்

உன்னைத்தான் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் பெருமைப்பட்டுக்கொள்வாய். றெக்கை வைத்த மீனையும் கொம்பு முளைத்த ஆமையையும் வரைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, நாலு பேர் பார்க்க நிறுத்தி வைத்து, "இதெல்லாம் எங்கேயாவது இருக்கா? உருப்படியா எதையாவது வரை" என்று சிரித்தாயே. அவள் இப்போது கல்யாணப் பத்திரிகைக்கு வாழைமரம் வரைந்துகொண்டிருக்கிறாள். எல்லாம் உன் புண்ணியம். உட்கார், இந்தக் கதையைக் கேள்.

ஒரு காட்டில், குளக்கரைப் பாறைகளுக்கு நடுவே, முள்ளி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. உதிர்ந்த முள்ளே அதற்குத் தூரிகை. கரி, செம்மண், இலைச்சாறு மூன்றும் சாயம்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழை ஓய்ந்ததும் யார் புதுப் பொந்துக்குக் குடிபோனாலும் வாசலில் ஒரு மிருக உருவம் வரைந்தாக வேண்டும். கண் படாமல் இருக்கவும், வேண்டாத விருந்தாளி எட்டிப் பார்க்காமல் இருக்கவும்.

முள்ளி வரைந்த உருவங்கள் எந்தக் காட்டிலும் இல்லாதவை. ஆந்தைக் கண், முதலை வாய், வௌவால் றெக்கை, மான் கால். எல்லாம் ஒரே உடம்பில். ஆனால் பார்த்தால் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

குளக்கரையில் ஓர் உடும்பு இருந்தது. வேலை என்று ஒன்றும் கிடையாது. கருத்து மட்டும் நிறைய உண்டு. ஒருநாள் தண்ணீர் குடிக்க எல்லா மிருகங்களும் கூடியிருந்த நேரம் பார்த்து, அது முள்ளியின் படத்தின் முன்னால் போய் நின்றது.

"முள்ளி, இது என்ன மிருகம்?"

"பேர் இல்லண்ணே. நேத்துத்தான் பிறந்துச்சு."

"எங்கே குடியிருக்கு?"

"இங்கதான், பாறையில."

"என்ன தின்னும்?"

"அத இன்னும் யோசிக்கல."

உடும்பு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. "கேட்டீங்களா? வீடு கிடையாது, சாப்பாடு கிடையாது, பேர் கூடக் கிடையாது. கண்ணெதிரே கரடி இருக்கு, மயில் இருக்கு, ஏன், நான் இருக்கேன். இத்தனை பேரை விட்டுட்டு இல்லாததுக்கு மை தீட்டுது இது."

கூட்டம் சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேர் வாசலில் முள்ளியின் படம்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து முள்ளியை யாரும் வரையக் கூப்பிடவில்லை, கூலிக் கிழங்கும் வரவில்லை. பசி வந்தால் கலைஞரும் கிழங்குதானே தின்ன வேண்டும்? முள்ளி வேலை கேட்டு உடும்பிடம் போனது. உடும்பு பெருந்தன்மையோடு வேலை பிடித்துக் கொடுத்தது. கிடைத்த கிழங்கில் பெரியதையெல்லாம் பெருந்தன்மையோடு தானே எடுத்துக்கொண்டது.

வேலையும் சும்மா சொல்லக் கூடாது, அத்தனை உயர்ந்த வேலை. கரடியை வரைந்தால், "தொப்பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளு" என்றது கரடி. மயிலை வரைந்தால், "தோகை இவ்வளவுதானா? பொறாமையா உனக்கு?" என்றது மயில். முள்ளி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. கை மட்டும் மரத்துப்போனது. உடும்புக்கோ பரம திருப்தி. "இப்பத்தான் நீ ஒரு பாதைக்கு வந்திருக்கே" என்றது.

இந்த நேரத்தில் ஒரு முயல் பதறிக்கொண்டு வந்தது. பாறை இடுக்கில் குட்டி போட்டிருந்தது. கண்கூடத் திறக்காத குட்டிகள். ஒரு காட்டுப்பூனை தினமும் வந்து வாசலை மோந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, முன்னே வரைவீங்களே, பேரில்லாதது, அதுல ஒண்ணு போட்டுக் கொடுங்கக்கா."

முள்ளி வாய் திறக்குமுன் உடும்பு குறுக்கே வந்தது. "பூனை எதுக்குப் பயப்படும்? சிறுத்தைக்கு. அப்ப எதை வரையணும்? சிறுத்தையை. இதுக்கு ஒரு யோசனையா?"

"அண்ணே, சிறுத்தை நிஜமாவே இந்தக் காட்டுல..."

"இருக்கு. அதனாலதான் வரையச் சொல்றேன். இருக்கிறதை வரை."

முயலின் இடுக்கை ஒட்டிய பாறையில் முள்ளி வரைந்தது. மீசை மயிர்கூடத் தப்பாமல் அச்சு அசல் சிறுத்தை. அன்று மாலையே வந்த காட்டுப்பூனை ஒரு பார்வை பார்த்தது, போனது, திரும்பவில்லை. உடும்பு குளக்கரை முழுக்கத் தன் மூளையைப் பற்றித் தானே பேசிக்கொண்டு திரிந்தது.

சில நாள் கழித்து, மலையிலிருந்து நிஜச் சிறுத்தை தண்ணீருக்கு இறங்கியது. தன் எல்லையில், தன் குளத்துக்குப் பக்கத்தில், இன்னொரு சிறுத்தை தன்னையே முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தது.

"யாருடா நீ?"

படம் பதில் சொல்லவில்லை.

"என் இடத்துல நின்னுக்கிட்டு, கேட்டா பதில்கூடச் சொல்ல மாட்டியா?"

பாய்ந்து ஓர் அறை விட்டது. அடி பாறைக்கு, வலி பாதத்துக்கு. மேலே இருந்த கற்கள் சரிந்து இடுக்கின் வாயில் விழுந்தன. உள்ளே முயல், குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு வீறிட்டது. வெளியே வர வழி இல்லை.

"இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன். வந்து உன்னைக் கிழிக்கிறேன்" என்று சிறுத்தை நொண்டிக்கொண்டு குளத்தில் இறங்கியது.

உடும்பு ஏற்கனவே மரத்தின் உச்சியில் இருந்தது. "நான் யோசனைதான் சொன்னேன்! வரைஞ்சது அவ!"

முள்ளி அதைக் காதில் வாங்கவில்லை. கல்லைப் புரட்ட அதற்குப் பலம் கிடையாது. கரியை எடுத்தது. மரத்துப்போன கை, பாறையைத் தொட்டதும் தானாக ஓடியது. சிறுத்தைக் கண்ணை அழித்து ஆந்தைக் கண் வைத்தது. வாயை முதலை வாயாக நீட்டியது. முதுகிலிருந்து றெக்கை கிளம்பியது. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாயாகத் திறந்துகொண்டது. அதை முள்ளியே எதிர்பார்க்கவில்லை.

சிறுத்தை கரையேறி வந்தது. பாய்வதற்காகக் குனிந்தது. அப்படியே நின்றது.

எதிரில் இருப்பது சிறுத்தை என்றால் அதற்குக் கணக்குத் தெரியும். எப்படிப் பாயும், கழுத்தில் எங்கே கடிக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. இது பாயுமா, பறக்குமா? இத்தனை வாயில் எந்த வாய் முதலில் கடிக்கும்? ஒன்றும் புரியவில்லை.

"நீங்க... யாரு?"

படம் முன்போலவே பதில் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை அந்த மௌனம் சிறுத்தைக்குத் திமிராகத் தெரியவில்லை.

"தண்ணி குடிக்கத்தாங்க வந்தேன். குடிச்சாச்சு. கிளம்பிட்டேன்" என்று பின்பக்கமாகவே நடந்து, மலையேறிப் போய்ச் சேர்ந்தது. கரடி வந்து கல்லைப் புரட்ட, முயலும் குட்டிகளும் பிழைத்தன.

உடும்பு மரத்திலிருந்து இறங்கியது. "முள்ளி, உன் கற்பனையை நான் எப்பவுமே மதிக்கிறவன். என் பொந்துக்கும் அதுபோல ஒண்ணு வரைஞ்சு கொடேன். என்ன வேணும், கேளு."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்களே, அதே இடத்துல, எல்லார் முன்னாடியும், 'நான் சொன்னது தப்பு'ன்னு சொல்லுங்க."

"முட்டை கொண்டுவந்து தரேனே."

"வேண்டாம்."

"உன் காதுல மட்டும் சொல்றேன்."

"என் காதுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே."

"சாயங்காலமா, கூட்டம் குறைஞ்சப்புறம்?"

முள்ளி அடுத்த பாறைக்குப் போனது. அங்கே நத்தை உடம்பில் கழுகுத் தலை ஒன்று பாதி முடிந்திருந்தது. உடும்பு இன்றைக்கும் விலையைக் குறைக்கச் சொல்லிப் பின்னாலேயே அலைகிறது. அதன் பொந்து வாசல் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

கை தானாக ஓடுகிற திசைதான் ஒரு கலைஞரின் பாதை. அதைக் கேலி செய்து திருப்பிவிட்டவருக்குத்தான் அதைச் சரிசெய்யும் கடமையும் உண்டு. ஆகவே, நீ எழுந்திரு. காதோடு சொல்கிறேன், கூட்டம் குறையட்டும் என்றெல்லாம் என்னிடம் பேரம் பேசாதே. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போ, அன்று சிரித்த அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போ, சிரித்த அதே சத்தத்தில் உன் தப்பைச் சொல்லிவிட்டு வா.