ஆயுத பூஜைக்குத் துடைத்த சர்வர்

"புது ஆபீஸ்ல சர்வர் அறை எங்கே, மேடம்?"

ஆவுடையப்பன் கட்டட வரைபடத்தை மேசைமேல் விரித்துவிட்டுக் கேட்டார். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது.

நான்கு மாடி. மூன்று பக்கம் கண்ணாடி. நூற்றிருபது பேர் உட்காரலாம். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தொட்டில் அறைகூட இருந்தது.

சர்வர் அறை இல்லை.

"கிடையாது, அண்ணாச்சி" என்றாள் மங்கையர்க்கரசி.

அவளுக்கு முப்பத்தொரு வயது. அவருக்கு ஐம்பத்திரண்டு. எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றும் வேலைக்கு அவள் தலைமை. அவர் தினமும் நோட்டும் பென்சிலுமாக வந்து அவளிடம் பாடம் கேட்பார்.

"அப்போ நம்ம சாஃப்ட்வேர் எதுல ஓடும்?"

"பல ஊர் மெஷின்ல. இப்பவே எல்லாம் தயாரா இருக்கு. ஒண்ணு விழுந்தா அடுத்தது தானா எடுத்துக்கும்."

"நான் அதைக் கண்ணால பாக்கணும். கையால தொடணும்."

அவள் வரைபடத்தைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

எந்த ரத்தம் எந்த வங்கியில் இருக்கிறது என்று நூற்று நாற்பது ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லும் சாஃப்ட்வேர் அது. இப்போதைய ஆபீஸ் பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீடு. அதன் பூஜை அறையில் ஒரே ஒரு சர்வர். பதினோரு வருடமாக அதற்குக் காவல் ஆவுடையப்பன்.

ஒருமுறை அது நாற்பது நிமிடம் நின்றது. பிரசவ வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். "ஓ நெகட்டிவ் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்கண்ணே." அவர் வங்கி வங்கியாகப் போன் போட்டுக் கண்டுபிடித்தார். அந்தத் தாய் பிழைத்தாள்.

அதன்பிறகு மகள் கல்யாணத்தில்கூட அவர் போனை அணைத்ததில்லை.

அந்த சர்வரின் சுவிட்சில் அவர் கை மட்டும்தான் படலாம். அது கம்பெனி விதி. அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் அதை அணைக்க வேண்டும். திங்கட்கிழமை புது ஆபீஸ் திறப்பு.

"ஒரு மாசம் தள்ளி வைங்க, மேடம்."

"சர்வர் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது. பூஜைக்கு நானே முன்னபின்ன நகர்த்தி, தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வச்சேன். அதுக்கப்புறம் வேகம்கூடக் கூடியிருக்கு."

"வேகமா?"

"ஆஸ்பத்திரிக்காரங்களே கூப்பிட்டுச் சொல்றாங்க. பூஜையோட பலன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் நோட்டை வாங்கித் தேதி போட்டாள். "சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினார்: நன்றாக ஓடுகிறது.

மறுநாளும் அதே கேள்வி. அதே பதில். அதே கையெழுத்து. சாஃப்ட்வேர் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு அவர் திரையில் ஒருமுறைகூட மாறவில்லை.

நோட்டில் ஏழு வரி சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை பூஜை அறை வாசலில் எல்லோரும் கூடினார்கள்.

"அண்ணாச்சி, பூசணிக்காய் உடைச்சிருவமா?" என்றான் டெஸ்டிங் பிரிவு செந்தூரான்.

"உன் மண்டையில உடைக்கேன், தள்ளுடா."

சுவிட்ச் வரை போன கை நின்றது.

"என்னால முடியாது, மேடம். எங்கேயோ ஒருத்தி ரத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பா. இது நின்னா அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

"சரி. அணைக்க வேண்டாம்."

செந்தூரான் வாயைப் பிளந்தான்.

"பின்னால நெட்வொர்க் கேபிள் இறுக்கமா இருக்கான்னு மட்டும் பாத்துடுங்க."

அவர் குனிந்தார். எழவில்லை.

நீலக் கேபிள் தரையில் கிடந்தது. அதன் நுனியில் சந்தனம் காய்ந்திருந்தது.

"யாரு கழட்டுனது?"

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

நோட்டைத் திறந்தார். ஏழு வரியையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீங்க துடைச்சுக்கிட்டு இருக்கும்போதே. கிளவுட் எடுத்துக்கிச்சுன்னு என் போனுக்குத் தகவல் வந்துது."

"எடுத்துக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பதினோரு விநாடி."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, மேடம்."

"முதல் நாளே சொன்னேனே, அண்ணாச்சி. ஒண்ணு விழுந்தா அடுத்தது தானா எடுத்துக்கும்னு."

ஆவுடையப்பன் எழுந்தார். சர்வரின் நெற்றியில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துண்டால் துடைத்தார். சுவிட்சை அழுத்தினார்.

பதினோரு வருட மின்விசிறிச் சத்தம் மெல்ல இறங்கி நின்றது. எல்லோரும் அவர் சட்டைப் பையில் இருந்த போனையே பார்த்தார்கள். அது அடிக்கவில்லை.

"மேடம், இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அடுத்த வருஷம் புது ஆபீஸ்ல சந்தனம் குங்குமம் எதுல வைக்கிறது?"

"எதுல வேணும்னாலும் வைங்க, அண்ணாச்சி. தைரியமாக் கழட்டித் துடைச்சிட்டே வைங்க."