செருக ஒரு அனுமதி

தற்காலிக ஊழியர் செல்வராணியைக் கல்லூரி முதல்வர் பாராட்டியதிலிருந்து கணினி மேலாளர் தணிகாசலத்துக்கு ஒரே வயிற்றெரிச்சல். அவள் வேலை நிரந்தரமாக வேண்டிய நாளில், நெட்வொர்க் கார்டு வேலை செய்யாத பழைய லினக்ஸ் கணினி ஒன்றை முதல்வர் முன்னாலேயே காட்டினார்.

"கார்டை ஓட வைக்கிற டிரைவர் சாப்ட்வேர் இல்ல. இன்டர்நெட்ல இருந்து இதுலயே இறக்கு. பென்டிரைவ் கூடாது, வேற கம்ப்யூட்டரையும் தொடக் கூடாது. முடியலன்னா கிளம்பும்மா."

கார்டு ஓடாமல் இன்டர்நெட் எப்படி வரும்? தணிகாசலத்துக்கு உள்ளம் குளிர்ந்தது.

"என் போனை இதுல செருகலாமா சார்?"

"சார்ஜ் போட்டு, வேலை போச்சுன்னு வீட்டுக்குச் சொல்லப் போறியா? தாராளமா செருகு."

செருகினாள். போனின் இன்டர்நெட்டைக் கணினியோடு பகிரும் வசதியைத் தட்டினாள். அது சார்ஜ் கேபிள் வழியாகவே கணினிக்குள் வந்தது. டிரைவர் இறங்கியது, கார்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"சார்ஜ் போடத்தானே விட்டேன்," என்றார் தணிகாசலம்.

"அதுவும் ஏறுது சார்."

பரிந்துரைக் கையெழுத்துக்காக செல்வராணியின் பணி நிரந்தர ஆணையை முதல்வர் தணிகாசலத்திடமே நீட்டினார்.