மழைக்குப் போகாத குடை

செருப்புகள் சொன்ன கதையைக் குடை பல ஆண்டுகள் நம்பவில்லை. நம்பாததற்கு அதனிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தக் கதை உண்மையென்றால், இத்தனை காலம் தான் செய்த வேலைக்கு என்ன பெயர் என்று அதற்குத் தெரியவில்லை.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அங்கே குற்றாலலிங்கம் என்று ஒருவர் இருந்தார். அரிசி ஆலையில் கணக்கர். வெயிலும் மழையும் இல்லாத சாயங்காலத்திலும் அவருடைய இடது முழங்கையில் குடை தொங்கும். ஊரில் அவரைக் 'குடைக்கார அண்ணாச்சி' என்றே சொன்னார்கள். அதில் கேலி இருந்தது. குடை அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டது.

அவருக்கு வேலை கிடைத்த நாளில் அவருடைய அம்மா வாங்கித் தந்த குடை அது. குற்றாலலிங்கத்துக்குப் பிச்சாண்டி என்று ஒரு தம்பி இருந்தான். சின்ன வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் மழையில் ஆடிவிட்டு வந்தவன் காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் தூறல் விழுந்தாலே கதவைச் சாத்தினார்கள். அம்மா புதுக் குடையைக் கொடுத்தபோது மகன் முகத்தைப் பார்க்கவில்லை. குடையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இவனை நனைய விட்டுராதே, தாயி."

அம்மா போய்ச் சேர்ந்தாள். குடைக்குத் துணி மாறியது, கம்பி வளைந்து நிமிர்ந்தது. அந்த வார்த்தை மட்டும் அதற்குள் அப்படியே இருந்தது.

குற்றாலலிங்கம் ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், வெளியூர் மனிதர், பேச்சுக் கொடுத்தார்.

"ஆத்தங்கரையிலேயே வீடா? கொடுத்து வச்சவங்க. நல்லா நீந்துவீங்களே?"

"கடைசிப் படியில உக்காந்து சொம்புல மொண்டு ஊத்திக்கிடுவேன்," என்றார் குற்றாலலிங்கம்.

பந்தி சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் இலையில் விட்ட பாயசத்தை அவர் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். மனைவி வடிவம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மளிகைச் சாமானா?"

"இல்ல. இதுவரைக்கும் நான் பயந்து செய்யாம விட்டதெல்லாம்."

"அதுக்கு இந்தத் தாளு பத்தாதே," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தது. சட்டை, குடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

"யார் நீ?" என்று கேட்டது குடை.

"பட்டியல்," என்றது தாள். "முதல் வரியிலேயே நீ இருக்கிறாய். பெருமைப்பட்டுக்கொள்."

"என்ன எழுதியிருக்கிறார்?"

"'குடை இல்லாமல் கடைத்தெருவுக்குப் போவது.'"

குற்றாலலிங்கம் வந்து சட்டையை மாட்டினார். பழக்கத்தில் கை குடையை நோக்கி வந்தது. வளைந்த கைப்பிடியைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விலகிப் போயிற்று. வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவர் போன இடங்களைப் பற்றிக் குடைக்குச் சொன்னவை அந்தச் செருப்புகள்தான். வாசல் நிலைக்கு வெளியே அவை கிடக்கும். நிலைக்கு உள்ளே ஆணியில் குடை தொங்கும். மத்தியானத்தில் வீடு கண்ணயரும்போது அவை பேசிக்கொள்ளும். இடது செருப்புக்கு வாய் நீளம். வலது செருப்பு அதைத் திருத்தும்.

"இன்றைக்கு சைக்கிள்," என்றது இடது. "விழுந்தார் பார், எண்ணி மாளாது."

"எண்ணலாம். கொஞ்சம்தான்," என்றது வலது.

"நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டது குடை.

"எங்கே பார்க்க? எங்களை வாடகைக் கடை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் ஏறினார். மைதானம் கடைக்குப் பின்னால்."

"பார்க்காததை எப்படிச் சொல்கிறீர்கள்?"

"திரும்பி வந்து எங்களுக்குள் நுழைந்த கால் சொன்னது," என்றது வலது. "பெருவிரலில் தோல் உரிந்திருந்தது. கணுக்காலில் சங்கிலி மசி. கால் நடுங்கியது. ஆனால் அது பயந்த காலின் நடுக்கம் இல்லை. அந்த நடுக்கம் எங்களுக்கு நன்றாகவே தெரியும்."

"எனக்கு அவர் கையைத் தெரியும்," என்றது குடை. "என்னை இறுக்கிப் பிடித்த கை. அது சைக்கிளை நம்பிப் பிடிக்காது."

கோவில் திருவிழாவில் அவர் மேடையேறிப் பாடினார் என்று செருப்புகள் சொன்னபோதும் குடை இதையேதான் சொன்னது. அப்போதும் அவை கோவில் வாசலில் கிடந்தவைதான். ஒலிபெருக்கியில் பல்லவி மட்டும் வந்தது, பிறகு இருமல், பிறகு சனங்களின் சிரிப்பு. வீடு வரும்வரை அவர் கால் துள்ளிக்கொண்டு வந்தது என்றது இடது.

"பாட்டு என்ற வரியை அடித்துவிட்டு, 'இது நமக்கு ஆகாது' என்று ஓரத்தில் எழுதினார்," என்று சட்டைப் பையிலிருந்து தாள் சாட்சி சொன்னது.

"உன்மேல் எதை எழுதினாலும் நீ ஒப்புக்கொள்வாய்," என்றது குடை.

ஆறு அவ்வளவு லேசில் முடியவில்லை. செருப்புகள் படித்துறை மண்டபத்தில் கிடந்தன. கீழே குளித்துக்கொண்டிருந்த பெண்கள் பேசியது மேலே கேட்டது.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குச் சொம்பைக் காணோம்?"

"சொம்புக்கு லீவு கொடுத்தாச்சு."

"ஆழத்துல போயிராதீங்க. வடிவு மைனிக்கு நாங்கல்லா பதில் சொல்லணும்."

"அவதான் அனுப்பி வச்சா."

"அப்ப சரிதான். ஆள் ஒழிஞ்சாப் போதும்னு நெனச்சிருப்பா," என்றாள் ஒருத்தி. படித்துறையே சிரித்தது.

முதல் நாள் முழங்கால் வரை நனைந்த கால்கள் திரும்பி வந்தன. அடுத்த முறை படிகூட இறங்காமல் வந்தன. வெகு நாட்கள் அப்படியே போயின. ஒரு நாள் திடீரென்று படித்துறையில் பேச்சு நின்றது. துணி துவைக்கும் சத்தமும் நின்றது. தண்ணீர் அடிபடும் ஓசை மட்டும் தள்ளித் தள்ளிப் போய், பிறகு கிட்டே வந்தது. யாரோ ஒருத்தி கைதட்டினாள்.

"வேறு யாராவது நீந்தியிருப்பார்கள்," என்றது குடை.

"வேறு யாருடைய காலும் எங்களுக்குள் வரவில்லையே," என்றது வலது.

கடைசியில் மழை வந்தது.

"அன்று மட்டும் நாங்கள் வாசலில் காத்திருக்கவில்லை," என்றது வலது. "காலிலேயே இருந்தோம்."

ஐப்பசியின் முதல் மழை. வேலை முடிந்து ஆலை வாசலில் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். "அண்ணாச்சி, குடையைக் காணோமே? நில்லுங்க, விடட்டும்," என்று யாரோ சொன்னார்கள். அவர் இறங்கி நடந்தார். வீட்டுத் தெருவில் திரும்பவில்லை. நேரே பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார். நடுவில் நின்றார். எங்கும் தண்ணீர். வெகுநேரம் நின்றுவிட்டு, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் சொன்னார்:

"ஏலே பிச்சாண்டி, நல்லாத்தானலே இருக்கு."

இதைச் சொன்னபோது இடது செருப்பும் மெதுவாகத்தான் பேசியது.

அன்று அவர் நனைந்து வந்ததைக் குடை கண்ணால் பார்த்திருந்தது. வடிவம்மாள் துண்டால் தலையைத் துவட்டியதையும், அவர் அவள் காதில் ஏதோ சொன்னதையும் பார்த்தது. பிறகு பல நாட்கள் அவருடைய இருமலுக்காகக் காது கொடுத்துக்கொண்டே இருந்தது. இருமல் வரவில்லை. இருந்தும் குடை சொன்னது:

"மழையில் மாட்டிக்கொண்டார். என்னை எடுக்க மறந்துவிட்டார். யாருக்கும் நடப்பதுதான்."

"மறக்கவில்லை," என்றது வலது.

"நீங்கள் கால். மனசு உங்களுக்குத் தெரியாது."

அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று. தாள் ஒரு நாள் சட்டையோடு தோய்க்கப் போய்க் கூழாகிவிட்டது. குற்றாலலிங்கம் வருத்தப்படவில்லை. வேறு தாளும் கிழிக்கவில்லை. ஆற்றுக்குப் போனார், சைக்கிளில் ஆலைக்குப் போனார். குடை ஆணியிலேயே இருந்தது. அதன் மடிப்புகளில் சிலந்தி வலை கட்டியது.

பல ஆண்டுகள் கழித்து அவர் ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். தலைக்கு மேலே ஓட்டுக் கூரை இருந்தது. வெளியே நல்ல வெயில்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நிறைந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வடிவம்மாளின் அண்ணன் மகன் ஐயம்பெருமாள் எல்லாவற்றையும் முன்னின்று செய்தான். இறந்தவர் போகிற வழிக்குத் துணையாகப் புதுக் குடையும் புதுச் செருப்பும் தானம் கொடுப்பது அங்கே வழக்கம். இரண்டையும் அவன் வாங்கி வந்து வைத்திருந்தான். ஐயர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வரிசையாக வைத்தார். புதுக் குடையை எடுத்தபோது மூலையிலிருந்து வடிவம்மாளின் குரல் வந்தது.

"சாமி, குடை வேண்டாம்."

ஐயர் திரும்பினார். "அப்படிச் சொல்லப்படாதும்மா. போற வழியில வெயில் இருக்கும், மழை இருக்கும்."

"வெயிலுக்குச் செருப்பு இருக்கு. மழைக்கு ஒண்ணும் வேண்டாம்."

"நனைஞ்சிருவாரேம்மா."

"நனையட்டும் சாமி. ஒரு மழையில நனையறதுக்கே அவருக்கு அம்பது வயசு தாண்ட வேண்டியிருந்துச்சு."

ஐயம்பெருமாள் குனிந்து, "அத்தை, நாலு பேர் என்ன சொல்லுவாங்க? குடை இல்லாம காரியமா?" என்றான்.

"அந்த நாலு பேருக்கும் குடை வேணும்னா அவங்க பிடிச்சுக்கிடட்டும்," என்றாள் அவள். பிறகு குரல் தாழ்ந்தது. "அன்னைக்குத் தல துவட்டும்போது என் காதுல சொன்னாருய்யா. 'வடிவு, வேணும்னுதான் நனைஞ்சேன். யார்ட்டயும் சொல்லிராத'ன்னாரு. நானும் சொல்லல. இப்ப மறுபடியும் அவர் கையில குடையைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரல."

ஐயர் புதுக் குடையைத் தன் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

ஆணியில் தொங்கிய பழைய குடை எல்லாவற்றையும் கேட்டது.

அவர் மேல் விழாமல் தான் தடுத்த மழைகளை அது நினைத்துப் பார்த்தது. எத்தனை ஐப்பசி, எத்தனை கார்த்திகை. காய்ச்சலைத் தடுத்தோம் என்றுதான் இருந்தது. தம்பியையும் சேர்த்துத்தான் தடுத்துவிட்டோமோ? காவலும் சிறையும் ஒரே துணியால்தான் தைக்கப்படுமோ? யாரைக் கேட்பது? தாயி என்று அழைத்தவளும் இல்லை. இறுக்கிப் பிடித்த கையும் இல்லை.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. ஆலைக் காவலாளி வாசலில் நின்றார். "மாமாவோட செருப்பு உங்க காலுக்குச் சேரும், எடுத்துக்கிடுங்க," என்று ஐயம்பெருமாள் அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

"நாங்கள் போகிறோம்," என்றது இடது செருப்பு. "இப்போதாவது நம்புகிறாயா?"

"நம்புகிறேன்," என்றது குடை.

"பிறகு ஏன் இப்படித் தொங்குகிறாய்?"

"ஒன்று கேட்க வேண்டும். மனசு உங்களுக்குத் தெரியாது என்றேன். காலைப் பற்றித்தான் கேட்கிறேன்."

காவலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"சீக்கிரம் கேள்," என்றது வலது.

குடை கேட்டது:

"அன்று ஆலை வாசலில் முதல் துளி அவர் மேல் விழுந்ததே, அப்போது அவர் கால் ஒரு கணமாவது, ஒரே ஒரு கணமாவது, நான் இருக்கும் பக்கம் திரும்பியதா?"