நாற்பதாவது தாள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதுவரை ஐந்தாறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், போன முறை சொன்னதை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பயப்படுகிறேன்.

வளசரவாக்கத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் அந்த வகுப்பு நடந்தது. கையால் உருவங்களை வரைந்து அவற்றை நடக்கவும் சிரிக்கவும் வைக்கச் சொல்லித் தரும் வகுப்பு. சொல்லித் தந்தவர் அருளப்பன். அவருக்கு முப்பத்தொரு வயது, எனக்கு நாற்பத்தாறு. நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பள்ளியை விட்ட தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இருந்த ரெஹானா எட்டிப் பார்த்தாள். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்த பெண்.

"என்ன ஆன்ட்டி, கொஸ்டின் பேப்பர் கஷ்டமா?"

"தேதி தெரியலம்மா."

"ஏழாவதுன்னு எழுதியிருக்கீங்களே."

"ஏழாவதுதான். எந்த நாள்னு கிடையாது. தம்பி பொறந்திருந்தான். இன்னிக்கு வேணாம், நாளைக்குப் போன்னு அம்மா சொன்னாங்க. மறுநாளும் அதேதான் சொன்னாங்க."

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார் போல. "அதைக் காலியா விடுங்கக்கா," என்றார்.

முதல் வகுப்பில் அவர் ஐந்து தாள்களில் ஓர் ஆட்டை வரைந்தார். வரைந்து முடித்ததும் தாள்களை விரல்களுக்கு இடையே ஒவ்வொன்றாகச் செருகிப் பிடித்து, மேலும் கீழும் புரட்டினார்.

ஆடு மெல்லுவதை நிறுத்தியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

எனக்குக் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. மரியாதை கூடப் பார்க்காமல் அவர் கையிலிருந்து தாள்களைப் பிடுங்கினேன். பின்பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மேசையில் பரப்பினேன். ஐந்து ஆடுகள் பேசாமல் கிடந்தன.

"மாஸ்டர், உசிரு எந்தத் தாள்ல இருக்கு?"

"பதிமூணு வருஷமா நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

அன்று பேருந்தில் வரும்போது என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஓர் எம்பிராய்டரி கடையில் இருந்தேன். ரவிக்கைப் பூவை டிரேசிங் பேப்பரில் படியெடுப்பது என் வேலை. நின்றுகொண்டே செய்ய வேண்டும். கால் வீங்கிவிடும். மூலத் தாள் கிழிந்துவிடும் என்று முதலாளி அதை வெளியே எடுக்க விடமாட்டார். கடைசியாக எடுத்த படியை வைத்துத்தான் அடுத்த படி எடுப்போம். அதில் என் கைக்கு நல்ல பெயர். கோடு நடுங்காது.

மூன்றாவது மாதம் மாஸ்டர் கடைசிப் பாடம் கொடுத்தார். இரட்டைச் சடையும் புத்தகப் பையுமாக ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். பன்னிரண்டு வயது இருக்கும். அவள் நடக்க வேண்டும். மொத்தம் நாற்பது தாள். நாற்பதாவது தாள் முடிந்ததும் மறுபடி முதல் தாள் வரும். சேர்ந்த இடம் தெரியாமல் அவள் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

முதல் தாளை அவரே வரைந்து தந்தார். கூடவே மாடல் ஷீட் ஒன்றும் தந்தார். அந்தப் பெண்ணின் மூக்கு எப்படி, தோள் எப்படி, பை எவ்வளவு பெரியது என்று எல்லாம் அதில் இருக்கும்.

"திங்கட்கிழமை கம்பெனியிலேர்ந்து ஒரு மேடம் வருவாங்க. நீங்க வரைஞ்சதைப் பாத்து ரெண்டு பேரை வேலைக்கு எடுப்பாங்க," என்றார்.

உட்கார்ந்து செய்யும் வேலை. என் வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார்: "மூணு மாசம்னு கேட்ட, சரின்னேன். வேலை கிடைச்சா பாரு. இல்லன்னா பேசாம கடைக்கே போ." அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு முறை படிப்பைப் பாதியில் விட்டவள் நான். இரண்டாவது முறையும் விட்டுவிடக் கூடாது.

பத்து நாள் வரைந்தேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையில் ஒரு தாளை வைத்து, அதன் மேல் புதுத் தாளை வைத்து, காலை மட்டும் துளி நகர்த்தி வரைவேன். ஒவ்வொரு தாளையும் அடியில் இருப்பதோடு ஒத்துப் பார்ப்பேன். மயிரிழை கூட வித்தியாசம் இருக்காது. மாடல் ஷீட்டை அழுக்காகிவிடும் என்று பாலிதீன் உறையில் போட்டு பத்திரமாக வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாவற்றையும் படம் பிடித்து டிவியில் ஓட்டினார்கள். என் முறை வந்தது.

அவள் நடந்தாள். சடை ஆடியது. நான் மூச்சு விடவில்லை.

திடீரென்று ஒரு துள்ளல். எதுவோ மறைந்து எதுவோ வந்தது போல இருந்தது. அப்புறம் மறுபடி நடந்தாள்.

"என்ன அது? கடைசியை நிறுத்துங்க," என்றாள் ரெஹானா.

மாஸ்டர் நாற்பதாவது தாளில் நிறுத்தினார்.

"ஐயோ, ஆன்ட்டி! இது நீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நடப்பவளின் தோள் தொங்கியிருந்தது. மூக்கு என் மூக்கு. கண்ணுக்குக் கீழே என்னுடைய அதே வீக்கம். புத்தகப் பை கூட நான் கொண்டுவரும் துணிப்பை போலச் சரிந்திருந்தது.

"யூனிபார்ம் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. மாஸ்டர் மறுபடி ஓட்டினார். சின்னப் பெண் நடந்து நடந்து நானாகிக்கொண்டிருந்தாள். எங்கேயும் நிற்காமல், எங்கேயும் தடுக்காமல். யாரும் பார்க்கக் கூடாத ஒன்றைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. சிரித்தவர்களும் மூன்றாம் முறை ஓட்டியபோது சிரிக்கவில்லை.

"மாஸ்டர், எங்க தப்பு பண்ணேன்?"

"மாடல் ஷீட் எங்கக்கா?"

"உறையில இருக்கு. அழுக்காயிடும்னு."

"எதைப் பாத்து வரைஞ்சீங்க?"

"அதுக்கு முந்தின தாளை."

அவர் டிவியை அணைத்தார். பிறகு நாற்பது தாளையும் அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"இதுல ஏதோ ஒரு தாள்ல அந்தப் பொண்ணு போயிட்டா. அந்தத் தாளைக் கண்டுபிடிங்க. அதுலேர்ந்து மட்டும் திரும்ப வரைஞ்சாப் போதும். திங்கட்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்."

எனக்கு உயிர் வந்தது. பலகை விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

இருபதாவது தாளை எடுத்தேன். அவளா, நானா? பத்தொன்பதாவதோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். இருபத்தொன்றாவதோடு வைத்துப் பார்த்தேன். அதுவும் ஒன்றுதான்.

"பதினேழு ஆன்ட்டி," என்றாள் ரெஹானா. "பதினேழுல கன்னம் போயிடுச்சு. பெட் கட்டறேன்."

பதினாறையும் பதினேழையும் விளக்கின் மேல் வைத்தோம். கன்னத்தின் மேல் கன்னம் அப்படியே உட்கார்ந்தது.

"அப்ப இருபத்தாறு."

இருபத்தைந்தின் மேல் அதுவும் உட்கார்ந்தது.

மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு எண் சொன்னார்கள். பிறகு யாரும் எண் சொல்லவில்லை. கீழே பல் டாக்டரின் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடிப் பலகை சுட்டது. நான் நான்கு முறை முதலிலிருந்து பார்த்துவிட்டேன். வெயில் இறங்கிவிட்டது.

மாஸ்டர் குழாயடியில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். தாள்களோடு போய் நின்றேன்.

"மாஸ்டர், கிடைக்கல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நாற்பதையும் பாத்தேன். இவங்க எல்லாரும் பாத்தாங்க. முதல் தாள்ல அவ இருக்கா. கடைசித் தாள்ல நான் இருக்கேன். நடுவுல அவ போன தாளே இல்ல."

அவர் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"போயிருந்தாத்தானே அக்கா கிடைக்கும்."

எனக்குப் பின்னால் நின்ற ரெஹானா என் கையிலிருந்த தாள்களை எட்டிப் பார்த்தாள்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் படிவத்தின் காலிக் கட்டம் நினைவுக்கு வந்தது.

கண்ணாடிப் பலகையைக் கேட்டு வாங்கிப்போய், சனியும் ஞாயிறும் வீட்டில் உட்கார்ந்து, மாடல் ஷீட்டை உறையிலிருந்து எடுத்து அடியில் வைத்து, நாற்பதையும் புதிதாக வரைந்தேன். கால் வைக்கும் இடமெல்லாம் பழைய தாளில் சரியாகவே இருந்ததால் முடிந்தது. மாடல் ஷீட்டில் என் விரல் அழுக்குப் பட்டது. திங்கட்கிழமை அந்த மேடத்திடம் அதைத்தான் காட்டினேன். பழைய தாள்களையும் காட்டலாமா என்று யோசித்தேன். தைரியம் வரவில்லை. ரெஹானாவை முதலிலும் என்னை இரண்டாவதாகவும் எடுத்தார்கள்.

பழைய நாற்பது தாளையும் எம்பிராய்டரி நூலால் ஓரத்தில் தைத்துவிட்டேன். இனி ஒரு தாள் விழாது, முன்பின் மாறாது. பயம் அதிகமாகும்போது கட்டைவிரலால் ஒரு முறை ஓடவிடுவேன். அவள் நடந்து நான் இருக்கும் இடத்துக்கு வருவாள்.

இன்னொன்றும் செய்தேன். அன்றைக்கு மாஸ்டர் சொல்லி முடித்த கையோடு, அந்தக் குழாயடியிலேயே, நாற்பதாவது தாளைத் திருப்பி அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். மற்றதெல்லாம் சொல்லிச் சொல்லி எவ்வளவு மாறியிருக்கிறதோ தெரியாது. அந்த ஒரு வரியை மட்டும் தாளைத் திருப்பி வைத்து, அதைப் பார்த்துத்தான் இங்கே எழுதினேன்.