உட்காரச் சொன்னவர்

"இதுல எழுதியிருக்கிறது அத்தனையும் உண்மைதான் அம்மா. ஆனா கையெழுத்துப் போடக் கை வர மாட்டேங்குது. ஏன்?"

செல்லக்கனி கேட்டாள். அவள் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

அம்மா அரிவாள்மணையில் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"படிங்க அக்கா," என்றார்.

அம்மாவுக்கு செல்லக்கனியைவிடப் பத்து வயது குறைவு. ஊர் அவரை அம்மா என்றது. அவர் ஊரை அக்கா, அண்ணா என்றார். முன்பு எங்கோ நர்சாக வேலை பார்த்தவர் என்று பேச்சு. அவர் சொன்னதில்லை.

கடைசி பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஏரிக்கரை. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் ஆசிரமம், அம்மா நடத்துவது. தினமும் மதியம் அறுபது பேர் சாப்பிட வருவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் செல்லக்கனி சமையலுக்கு உதவ வருவாள். ஜவுளிக்கடையில் அவளுக்குச் செவ்வாய்தான் வார விடுமுறை.

மூன்று வருடமாக வருகிறாள். காய் கழுவுவாள், பரிமாறுவாள், பாத்திரம் துலக்குவாள். இந்த மூன்று வருடத்தில் அவள் அங்கே ஒருமுறையும் உட்கார்ந்ததில்லை. சுவரோரமாக நின்றபடியே சாப்பிடுவாள்.

ஏன் என்று அம்மா ஒருமுறையும் கேட்டதில்லை.

செல்லக்கனி தாளைப் பிரித்தாள்.

"எங்கள் கடையின் மூன்றாவது தளத்தில் விற்பனைப் பெண்கள் உட்காருவதற்கு எட்டு ஸ்டூல்கள் போடப்பட்டுள்ளன. உட்காரக் கூடாது என்று யாரும் எப்போதும் சொன்னதில்லை. தினமும் உட்காரச் சொல்லியே வருகிறோம். சம்பவத்தன்றும் ஜெபசீலி என்பவரிடம் உட்காரும்படி சொல்லப்பட்டது. அவர் உட்காராமல் நின்றுகொண்டிருந்ததால் மயங்கி விழுந்தார்."

நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா?"

"கீழே என் பேரு இருக்கு. செக்‌ஷன் இன்சார்ஜ், பட்டுப் பிரிவு. பத்தொன்பது வருஷ சர்வீஸ்னு போட்டிருக்கார்."

"யார்?"

"மேனேஜர். கிருபாகரன் சார்."

"ஜெபசீலி?"

"என் செக்‌ஷன் பொண்ணு. அஞ்சு மாசம். வியாழக்கிழமை மயங்கி, கண்ணாடி கவுண்டர் விளிம்புல விழுந்தா." செல்லக்கனி தாளை மறுபடி மடித்தாள். "குழந்தை தங்கலை. பொண் குழந்தையாம்."

அம்மாவின் கை அரிவாள்மணையில் நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது.

"போய்ப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஆஸ்பத்திரி எங்கே?"

"நான் ஏறின பஸ் அந்த வழியாத்தான் வருது."

அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சங்கரலிங்கம், பீன்ஸின் நாரை உரித்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் சமையல்காரர். பெருத்த உடம்பு, தேய்ந்துபோன இரண்டு மூட்டுகள். காலையில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் சோறு வடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். போன மாதம் கலெக்டர் வந்திருந்தார். சங்கரலிங்கம் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். அம்மாவே எதிரில் வந்து நின்றாலும் அப்படித்தான். "எழுந்தா மறுபடி உட்காரக் கால்மணி நேரமாகும் தாயி, அதுக்குள்ள சாம்பார் அடி பிடிச்சிரும்," என்பார்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று அவர் கேட்டார்.

"லேபர் ஆபீசர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டாராம். உட்கார விடலைன்னு சொல்லியிருக்கா. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவர் கடைக்கு வர்றார்."

"கையெழுத்துப் போட்டா?"

"அவ பொய் சொல்றாள்னு ஆயிடும்."

"போடலேன்னா?"

"எனக்கு வேலை இல்லை அண்ணாச்சி. வேலை இல்லேன்னா ஹாஸ்டல்லயும் இடம் இல்லை. ஊர்ல அப்பா போயிட்டாரு. வீட்டைத் தம்பி வித்துட்டான். பெட்டியைத் தூக்கிட்டு எங்கே போறதுன்னு எனக்கே தெரியாது."

சங்கரலிங்கம் இன்னொரு பீன்ஸை எடுத்து நாரை உரித்தார்.

"இதுல பொய் எது அக்கா?" என்றார் அம்மா.

"அதைத்தான்மா தேடுறேன். மூணு நாளா ஒவ்வொரு வரியா படிச்சுப் பார்க்கிறேன். ஸ்டூல் இருக்கு. எட்டுதான். உட்காராதேன்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. உட்காருன்னுதான் சொல்வார்."

"அப்புறம் ஏன் யாரும் உட்காரலை?"

செல்லக்கனி ஏரியைப் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பாதி ஏரியில் வீடு கட்டிவிட்டார்கள்.

"கடையில நிக்கிறவங்களுக்கு உட்கார இடம் குடுக்கணும்னு சட்டம் வந்தப்போ ஸ்டூல் வாங்கிப் போட்டாங்க," என்றாள். "சாரே ஒவ்வொண்ணா துடைச்சு வெச்சார். போட்டோ எடுத்தாங்க. மறுநாள் மகேஸ்வரின்னு ஒரு பொண்ணு உட்கார்ந்தா. சார் நேரா அவகிட்ட வந்தார். உட்காரும்மா, உட்காருன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். சாயந்திரம் எல்லாரையும் கூட்டி, இன்னிக்கு நம்ம கடையிலேயே ரொம்பக் களைச்சுப்போன மகேஸ்வரிக்கு ஒரு கைதட்டு குடுங்கன்னார். தட்டினோம்."

"நீங்களும்?"

"நானும்தான். அடுத்த வாரம் அவளைக் குடோனுக்கு மாத்தினாங்க. பாவம், அங்கே ஜனங்க வர மாட்டாங்க, நிம்மதியா உட்காரலாம்னு அனுப்பினேன்னார். நாப்பது நாள் இருந்தா. நின்னுட்டா."

"வேலையை விட்டா," என்றார் சங்கரலிங்கம் விளக்கமாக, யாரும் கேட்காமலே.

"அதுக்கப்புறம் எட்டு ஸ்டூலும் புதுசு மாதிரியே இருக்கு."

அம்மா பூசணித் துண்டுகளைத் தண்ணீரில் போட்டார்.

"அவர் கெட்டவர்னு நான் சொல்ல வரலைம்மா," என்றாள் செல்லக்கனி. "அப்பா செத்தப்போ சாத்தான்குளம் வரைக்கும் வந்தார். பட்டுப் பிரிவுக்கு என்னை இன்சார்ஜா போட்டதும் அவர்தான். மத்தவங்க எல்லாம் என்னைப் பத்தி என்னென்னவோ சொன்னப்போகூட அவர் காதுல வாங்கலை."

"என்ன சொன்னாங்க?"

"தெரியலை."

"யார் சொன்னா?"

"அவர் சொல்ல மாட்டார். வேணாம் கனி, தெரிஞ்சா நீ தாங்க மாட்டே, நான் இருக்கேன் பார்த்துக்கிறேன்னுடுவார்."

"எத்தனை வருஷமா?"

"ஏழு வருஷம் இருக்கும்."

"ஏழு வருஷமா நீங்க யாரோட சாப்பிடுறீங்க?"

செல்லக்கனி மடித்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தனியா," என்றாள். "யார் மனசுல என்ன இருக்குன்னு தெரியாதில்ல. ஜெபசீலி மட்டும்தான் டப்பாவைத் தூக்கிக்கிட்டு எதிர்ல வந்து நிப்பா. அக்கா, உங்க புளிக்குழம்புல ஒரு கரண்டி குடுங்க, வயித்துல இருக்கிறது கேக்குதுன்னு. பேரு கூட என்னைத்தான் வைக்கச் சொன்னா."

உலைத் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது?"

"முகூர்த்த நாள் கூட்டம். காலையிலேருந்து அவ நின்னுக்கிட்டே இருந்தா. மூணு மணிக்குத் தலை சுத்துதுன்னு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தா. உட்காரச் சொன்னதும் எழுந்துட்டா. பத்து நிமிஷம் நின்னா. விழுந்துட்டா."

"உட்கார்ந்திருந்தவகிட்ட உட்காரச் சொன்னாங்களா?"

"ஆமா."

"யார் சொன்னது?"

செல்லக்கனி குனிந்து பீன்ஸ் கூடையைச் சுவரோரம் நகர்த்தினாள். அது முன்பே சுவரோரம்தான் இருந்தது.

அம்மா மறுபடி கேட்கவில்லை. அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தார். கையைக் கழுவினார்.

"அவர் எப்படிச் சொல்வார்? ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"எனக்கு வராதும்மா."

"இத்தனை நாளா கேட்டிருக்கீங்களே."

"வேண்டாம்மா. நல்லா இருக்காது."

அம்மா காத்திருந்தார். அவர் காத்திருந்தால் அதற்கு மேல் தட்டிப் பேச யாராலும் முடிந்ததில்லை.

சொல்லிக் காட்டுவதானால் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் வேண்டும். அம்மா தரையில் இருந்தார். ஸ்டூலில் இருந்தது சங்கரலிங்கம் மட்டும்தான்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எம்மேலயா? நடத்து தாயி," என்றார் சங்கரலிங்கம். பீன்ஸ் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "என்னை எழுப்பணும்னா எமன்தான் வரணும். அவனும் சொல்லிட்டு வரணும்."

செல்லக்கனி நாலடி பின்னால் போனாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நடந்து வந்தாள். அது அவளுடைய நடை இல்லை. செருப்புச் சத்தம் கேட்காத நடை. சங்கரலிங்கத்தைப் பார்க்காமல் அவரைத் தாண்டி இரண்டடி போனாள். நின்றாள். திரும்பினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"உட்காரும்மா," என்றாள்.

குரல் மெல்லியதுதான். ஆனால் தளத்தின் கடைசி மூலைவரை கேட்கிற குரல்.

"அட, உட்காரும்மா. பாவம். கால் வலிக்கும்ல. நீ நல்லா உட்காரு. நிக்கிறதுக்குத்தான் மத்தவங்க இருக்காங்களே."

தட்டு கீழே விழுந்தது.

பீன்ஸ் தரையெல்லாம் சிதறியது. சங்கரலிங்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. இன்னொரு கை வேட்டியைச் சரிசெய்தது. மூட்டு வலியில் முகம் சுருங்கியிருந்தது.

"என்ன அண்ணாச்சி," என்றாள் செல்லக்கனி தன் சொந்தக் குரலில். "ஏன் எழுந்தீங்க?"

சங்கரலிங்கம் ஸ்டூலைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார்.

"நீதானேம்மா உட்காரச் சொன்னே," என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. மறுபடி உட்காரவும் இல்லை.

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா எழுந்து போய் மூடியை நகர்த்திவிட்டு வந்தார்.

செல்லக்கனி அந்த இடத்திலேயே நின்றாள். பிறகு பீன்ஸைப் பொறுக்கக் குனிந்தாள். குனிந்தவள் மண்டியிட்டாள். மண்டியிட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிதறிய பீன்ஸுக்கு நடுவில், சிமென்ட் தரையில், காலை நீட்டி.

அவள் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. நரம்புகள் பச்சை நிறத்தில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன. மூன்று வருடத்தில் அம்மா அவற்றை அப்போதுதான் பார்த்தார்.

செல்லக்கனி மடித்த தாளை எடுத்தாள். பிரித்தாள். அதைத் திருப்பி, எழுதாத பின்பக்கத்தைத் தொடைமேல் வைத்து நீவினாள்.

"எழுத ஏதாவது இருக்காம்மா?"

சாமான் லிஸ்ட் எழுதும் பென்சில் ஜன்னலில் இருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்தார். எதிரே தரையில் உட்கார்ந்தார்.

செல்லக்கனி வியாழக்கிழமை என்று எழுதினாள். மணி மூன்று என்று எழுதினாள். ஜெபசீலி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினாள்.

பென்சில் நின்றது.

அம்மா முன்பு கேட்டதையே, அதே குரலில் கேட்டார்.

"யார் சொன்னது அக்கா?"

"நான்தான்மா," என்றாள் செல்லக்கனி. "சார் அன்னிக்கு லீவு."