தணிகை கொண்டுபோன தண்ணீர்

மரமும் மாடும் மனுஷரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனுஷ உடம்புக்குள் குடியிருந்தவர்களும் பேசினார்கள். மெய்யம்மை என்று ஒரு தாய் இருந்தாள். அவள் உடம்புதான் அவர்களுக்கு ஊர், வீடு, எல்லாம். அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த ஊரில் காவல் அண்ணன்மாருடையது. வெளியிலிருந்து கிருமி நுழைந்தால் ஈட்டியோடு ஓடிப்போய் விரட்டுவார்கள். தங்கைமாருக்கு வேறு வேலை. சண்டை ஓய்ந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய், போதும் வீட்டுக்கு வா என்று சொல்லிக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அதைக் குடித்தால்தான் காவல்காரனுக்கு ஏறின சூடு இறங்கும். ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு, இரண்டு கையையும் குவித்துத்தான் வாங்கிக் குடிப்பார்கள். ஒற்றைக் கையை நீட்டினால் தங்கைக்கு மரியாதை இல்லை. ஒன்று மட்டும் கூடாது. தண்ணீர் கொண்டுபோகிறவள் ஈட்டியைத் தொடக்கூடாது. தொட்டால் அதன் சூடு அவளுக்கு ஏறிவிடும்.

தணிகைக்கு ஒரே அண்ணன், செங்கோடன். இருவரும் எலும்புக்குள் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம், எது அம்மாவுடையது, எது அந்நியம் என்பதுதான். செங்கோடனுக்கு எப்போதும் அவசரம். நிழலசைந்தாலும் எழுந்துவிடுவான். தணிகை அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாள். நீ இருக்கிற வரைக்கும் நான் ஒரு ஈயைக்கூட அடிக்க முடியாது என்று அவளைக் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள், நுனியை விடமாட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் மெய்யம்மைக்குக் காய்ச்சல் கண்டது. கிருமிகள் கூட்டமாக இறங்கி முழங்காலுக்குள் போய்ப் பதுங்கின. காவல்காரர்கள் எல்லோரும் போனார்கள். காய்ச்சலும் விட்டது, மற்றவர்களும் திரும்பிவிட்டார்கள். செங்கோடன் மட்டும் வரவில்லை.

தணிகை ரத்த ஓடைக்கரையில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்தாள். கிருமியெல்லாம் செத்துப்போச்சே, இன்னும் எதைப் போட்டு அடிக்கிறானோ தெரியலை என்றார்கள். அவன் தட்டை வேறு யாரும் எடுக்காதபடி தனியாகக் கவிழ்த்து வைத்தாள். வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் கை தானாக அந்தத் தட்டுப் பக்கம் போகும். பொறுக்க முடியாமல் ஒருநாள் சாமியைக் கும்பிட்டுச் சொம்பை நிரப்பிக்கொண்டு புறப்பட்டாள்.

முழங்கால் உலைபோல் கொதித்தது. அதற்குள் செங்கோடன் அம்மாவின் மூட்டுச் சுவரையே குத்திக்கொண்டிருந்தான். வந்த கிருமிகள் அந்தச் சுவரின் நிறத்திலேயே உடுத்தியிருந்தன. அவசரக்காரன், சுவரையும் கிருமி என்றே நினைத்துவிட்டான்.

"அண்ணா, அது அம்மா."

"தள்ளிப் போ. உள்ளே ஒளிஞ்சிருக்குதுங்க."

"ஒண்ணும் ஒளியலை. போதும், வீட்டுக்கு வா. உன் தட்டைக் கவுத்தே வெச்சிருக்கேன்."

தட்டு என்றதும் அவன் கை நின்றது. சொம்பைப் பார்த்தான். தாகமா இருக்கு தணி என்றான். அவன் குரல் அவ்வளவு வற்றிப்போயிருந்தது. இரண்டு கையும் குவிக்க வேண்டுமே, ஈட்டியை ஊன்ற ஓங்கினான். கீழே மண்ணா இருந்தது? அம்மாவின் குருத்தெலும்பு, வெள்ளையாக, ஏற்கெனவே கீறலும் விரிசலுமாக இருந்தது. இன்னொரு குத்தை அது தாங்காது; ஈட்டியைக் கிடத்தினாலும் அதன் சூட்டில் வெந்துபோகும்.

"ஊன்றாதே அண்ணா."

"பின்னே எங்கே வைக்க?"

தணிகை ஒரு கணம் கண்ணை மூடினாள்.

"என்கிட்டக் கொடு" என்றாள்.

வலது கையில் ஈட்டியை வாங்கிக்கொண்டு, இடது கையால் தண்ணீர் ஊற்றினாள். ஒரு வாய்தான் குடித்திருப்பான். ஈட்டியின் சூடு அவள் தோள்வரை ஏறிவிட்டது. சொம்பு நழுவிக் கவிழ்ந்தது. அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அது அவளுக்கு அந்நியமாகத் தெரிந்தது. ஓங்கிக் குத்தினாள்.

அந்த ஒரு வாய்த் தண்ணீரில் செங்கோடனுக்குக் கண் தெளிந்திருந்தது.

"தணி, அது அம்மா."

"தள்ளிப் போ" என்றாள் தணிகை.

அவன் மண்டியிட்டு, சிந்தின ஈரத்தைக் கையால் வழித்து அவள் உதட்டில் வைத்தான். அதற்குள் அதுவும் காய்ந்துவிட்டது. ஒரு வாய்த் தண்ணீர் எத்தனை நேரம் காக்கும்? அவனுக்கும் மறுபடி சூடு ஏறியது.

வெளியே மெய்யம்மை உட்கார்ந்து, வீங்கின முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே யார் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? கோபிக்கவில்லை. போதும், ரெண்டு பேரும் வந்துடுங்க என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். மற்றத் தங்கைமார் இன்றும் சொம்போடு போகிறார்கள். தண்ணீர் போய்ச் சேர்ந்த நாளில் வீக்கம் வடியும், அம்மா கோயில்வரை நடந்துவிட்டு வருவாள். அது காய்ந்த மறுநாள் விடியும்போதே முழங்கால் மடங்காது.

அன்று முதல்தான், அடிபடாமலே சிலருக்கு மூட்டு வீங்குகிறது, வடிகிறது, திரும்பவும் வீங்குகிறது. வலிக்கிற இடத்தில் உள்ளங்கையும் தானாகப் போய், யாரையோ கூப்பிடுவதுபோல் உட்கார்ந்துகொள்கிறது.